மாயாவியை ஏன் கழுவில் ஏற்றவில்லை?

எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் மூன்று பையன்கள் ப்ளக் பாயிண்டில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். வருஷம் 1972, கோடை விடுமுறை. எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. மேட்டூர் திறக்காத மாதம் என்பதால் ஆற்றில் வெறும் மணல்தான். மணலில் ஆடிக் களைத்து வந்த ஒரு மத்தியானம், கூடத்தில் பாட்டி கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ரேடியோ ஒயரைப் பிடுங்கிவிட்டு விரலை வைத்தேன். தோள்பட்டை வரைக்கும் ஒரே உதறல். நான் மறைந்துபோகவில்லை என்பது, பாட்டி எழுந்து முதுகில் வைத்த அடியில் உறுதியாயிற்று.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஜனவரியில்தான் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்திருந்தது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் காலண்டருக்கும் பேர்போன ஊர். அச்சு இயந்திரத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே சௌந்தரபாண்டியன் என்பவர் லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் படக்கதைகளை உரிமை வாங்கித் தமிழில் போடத் தொடங்கினார். ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். முதல் இதழின் பெயர் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 1962 அக்டோபர் முதல் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் வாரம் இரண்டு மூன்று பக்கமாக வந்த தொடர் அது. அங்கத்திப் பையன்கள் வாரக்கணக்கில் காத்திருந்து படித்ததை நாங்கள் ஒரே மூச்சில் படித்தோம்.

அதற்கு முன்பும் எங்கள் வீட்டில் புத்தகம் இல்லாமல் இல்லை. 1947-லிருந்து வந்துகொண்டிருந்த அம்புலிமாமாவை என் அத்தை பைண்டு செய்து வைத்திருந்தாள். விக்கிரமாதித்தன் முருங்கைமரம் ஏறி வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். வேதாளம் கதை சொல்லும், முடிவில் ஒரு நியாயம் கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். படக்கதையில் அந்தத் தொல்லை கிடையாது. யாரும் நம்மை எதுவும் கேட்கமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாயாவியின் கதை இப்படித் தொடங்கும். லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். முன்பு நடந்த விபத்தில் வலது கையை இழந்து, இரும்பாலான கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் வெடிப்பு. மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடம்பு முழுவதும் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. இப்படி ஒரு சக்தி கிடைத்த மனிதன் என்ன செய்வான்? நல்லது செய்வான் என்று நாம் எதிர்பார்ப்போம். கிராண்டேல் கொள்ளை அடிக்கிறான். ஊரை மிரட்டுகிறான். போலீஸ் துரத்துகிறது. விபத்தில் அவன் மூளை கலங்கிவிட்டது என்று கதையில் காரணம் சொல்வார்கள். பின்னால் வந்த கதைகளில் அவன் திருந்தி, நிழற்படை என்ற ரகசியப் படையில் சேர்ந்து, அரசாங்கத்துக்காக எதிரிகளைப் பிடிப்பவனாகிவிடுவான். 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்' என்று அடுத்தடுத்து வந்த புத்தகங்களில் எங்களுக்குத் தெரிந்த மாயாவி இந்த நல்ல மாயாவிதான்.

இதை நான் தனியாகப் படிக்கவில்லை. எங்கள் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்த ஒரு பையன் இருந்தான். சாணி அள்ளுவது, மாட்டைக் குளிப்பாட்டுவது, வைக்கோல் பிடுங்கிப் போடுவது அவன் வேலை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அவன் அப்பா எங்கள் வயலில் பரம்பரையாக வேலை பார்த்தவர். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஆனாலும் நான் அவனை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன். அவன் என்னைச் 'சின்னய்யா' என்பான். எங்கள் இருவருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் தெரிந்ததில்லை.

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் கட்டம் முடிந்துவிடும் என்பதால் நான் உரக்கப் படிக்க, அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே வருவான். மாடுகளை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு நாவல்மர நிழலில் உட்காருவோம். வசனத்தின் மேல் கண்ணாக இருந்த நான் கவனிக்காத எத்தனையோ விஷயங்களை அவன் படத்தில் பார்த்துச் சொல்வான். யார் கையில் துப்பாக்கி, யார் ஒளிந்திருக்கிறான், எந்த நாய் குரைக்கிறது என்று. மறைந்த மாயாவி கதவைத் திறக்கும் படத்தைக் காட்டி ஒருமுறை, "ஆளு தெரியல, கை மட்டுந்தான் தெரியுது. ஆனா வேலை பூரா அந்தக் கைதான செய்யுது" என்றான். நான் சிரித்தேன். எங்கள் களத்தில் கூலி நெல் போடும்போது தாத்தா மரக்காலால் அளந்து அளந்து போடுவார். துண்டை விரித்துப் பிடித்து நீண்டுவரும் கைகள்தான் வரிசையாக இருக்கும். முகத்தைப் பார்த்து அவர் அளந்ததாக எனக்கு நினைவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

மாயாவி நிழற்படையில் சேர்ந்த கதையைப் படித்து முடித்த அன்று அவன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்:

"சின்னய்யா, இவன ஏன் கழுவுல ஏத்தல?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை.

"களவாண்டான்ல? ஊர மிரட்டுனான்ல? அப்புறம் எப்புடி கவர்மெண்டு வேல குடுத்தாங்க?"

"அவன் திருந்திட்டான்டா."

"காத்தவராயனுந்தான் கெஞ்சுனாரு" என்றான். மாட்டை ஓட்ட எழுந்து போய்விட்டான்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் காத்தவராயன் கதையை விடிய விடியப் பாடுவார்கள். சில ஊர்களில் கழுமரம் நட்டு, காத்தவராயனாக விரதமிருப்பவர் அதில் ஏறுவார். அவன் பெரியப்பா அப்படி ஏறியவர். காத்தவராயன் மாயம் தெரிந்தவன், நினைத்த உருவம் எடுப்பான். சேரியில் வளர்ந்தவன். அந்தணப் பெண் ஆரியமாலையின் மேல் ஆசைப்பட்டு அவளைக் கவர்ந்து போனான். அதற்காகக் கழுவேற்றப்பட்டான். மதுரை வீரன் கதையும் இதற்குத் தூரமில்லை. வீரத்தால் பேர் வாங்கியவன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். 1956-ல் எம்.ஜி.ஆரும் 1958-ல் சிவாஜியும் இந்த இருவராகத் திரையில் வந்தார்கள். ஆனால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அவர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே ஊர் எல்லையில் சாமிகளாக நிற்கிறார்கள்.

நம் மண்ணின் சூப்பர் ஹீரோக்கள் இவர்கள் என்றுதான் சொல்வேன். அமெரிக்காக்காரனின் நாயகனுக்குள்ள எல்லாம் இவர்களுக்கும் உண்டு. பிறப்பில் ஒரு ரகசியம், மனிதனுக்கு மீறிய பலம், மாறுவேடம், எளியவருக்குக் காவல். ஒரே வித்தியாசம் முடிவில் இருக்கிறது. எல்லை மீறிய குற்றத்துக்கு இவர்களை முதலில் கொல்வார்கள், அப்புறம் கும்பிடுவார்கள். உயிரோடு இருக்கும்போதே மன்னித்து, உத்தியோகமும் கொடுத்த கதை அந்தப் பையன் கேட்டு வளர்ந்த கதைகளில் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் அவனுக்கு அப்படிக் கேட்கத் தோன்றியது. அம்புலிமாமா வேதாளம்கூட என்னை இவ்வளவு திணறடித்ததில்லை.

நான் வரலாற்று ஆசிரியனாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பின்னாளில் இந்த நாயகர்களின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது, கிளீவ்லாந்து நகரத்து ஜெர்ரி சீகல் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. குடியேறிய யூதக் குடும்பத்துப் பையன். பழைய துணிக்கடை வைத்திருந்த தகப்பனார் 1932-ல் கடையில் திருட்டு நடந்த சமயத்தில் மாரடைப்பால் இறந்துபோனார். சீகலும் அவர் நண்பர் ஜோ ஷஸ்டரும் உருவாக்கிய சூப்பர்மேன் 1938-ல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வெளிவந்தான்.

அந்த ஆரம்பகாலச் சூப்பர்மேன் இப்போது சினிமாவில் பார்ப்பவன் மாதிரி இல்லை. வேற்றுக்கிரக வில்லன்களோடு அவனுக்குச் சண்டை கிடையாது. முதல் இதழிலேயே, செய்யாத கொலைக்காக மரண தண்டனைக்குப் போகவிருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடித்து உதைக்கிறான். மூன்றாவது இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளியை வேலைவாங்கும் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் சிக்கவைத்துப் பயம் காட்டுகிறான். 1939 ஜனவரி இதழில் வருவதுதான் எனக்குப் பிடித்தது. சேரிப் பையன்கள் திருடுகிறார்கள். சூப்பர்மேன் அவர்களைப் போலீஸிடம் கொடுக்கவில்லை. அவர்கள் குடியிருக்கும் இடிந்த கட்டடங்களைத் தரைமட்டமாக்கி, அரசாங்கம் புதுவீடு கட்டிக்கொடுக்கும்படி செய்துவிடுகிறான். அமெரிக்காவில் பொருளாதார மந்தத்தின் காலம் அது. இருபத்து சொச்சம் வயதுப் பையன்கள் இருவர், சட்டம் செய்யாததை ஒருவன் செய்தால் எப்படியிருக்கும் என்று கனவு கண்டிருக்கிறார்கள்.

அந்தக் கனவை அவர்கள் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். பதிப்பகம் கோடிகோடியாகச் சம்பாதிக்க, இவர்கள் பல வருஷம் வழக்காடிக் கஷ்டப்பட்டார்கள். 1975-ல்தான் வருடாந்தர உதவித்தொகையும், படைத்தவர்கள் என்று பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. சூப்பர்மேனால் காப்பாற்ற முடியாமல்போன ஆட்களில் அவனைப் பெற்றவர்களும் உண்டு.

இதற்கிடையே 1954-ல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் புத்தகங்கள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். செனட் குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் அதே வருஷம் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். குற்றவாளி மேல் வாசகனுக்கு அனுதாபம் வரக்கூடாது, போலீஸையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக்கூடாது, எல்லாக் கதையிலும் நன்மையே ஜெயிக்கவேண்டும். முப்பதுகளின் சூப்பர்மேனே இந்த விதிகளில் தேறியிருப்பானா என்பது சந்தேகம்தான்.

இங்கிலாந்தில் இதைவிட விசித்திரம் நடந்தது. அறுபதுகளில் அங்கே வார இதழ்களில் நாயகர்களாக வந்தவர்கள் பலர் குற்றவாளிகளாகத் தொடங்கியவர்கள். மாயாவி ஒருவன். ஸ்பைடர் இன்னொருவன். 1965-ல் 'லயன்' என்ற இதழில் தொடங்கிய ஸ்பைடரின் லட்சியம், குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாவது. போகப்போக அவனும் மனம் மாறிக் குற்றவாளிகளை வேட்டையாடுகிறவனாகிவிடுவான். டெட் கோவன் தொடங்கிய அந்தத் தொடரைப் பின்னால் எழுதியவர் யார் தெரியுமா? அதே ஜெர்ரி சீகல். நல்லவனை எழுதித் தோற்ற மனிதர் கெட்டவனை எழுதிச் சாப்பிட்டார். அந்த ஸ்பைடரை 1984-ல் சிவகாசி லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் தொடங்கிய இதழ் அது. இங்கிலாந்து இதழின் பெயரும் லயன், இங்கேயும் லயன். தமிழ்ப் பையன்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

ஆக, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு விதி போட்டு மறைத்த பாடம் நமக்குச் சிவகாசி வழியாக வந்து சேர்ந்தது. கெட்டவன் என்பவன் பிறவியிலேயே கெட்டவன் இல்லை, அவனுக்கும் ஒரு வழி திறந்தால் திரும்பி வருவான் என்ற பாடம். நல்ல பாடம்தான். அந்த வழி யாருக்குத் திறக்கிறது என்பதைத்தான் ஆற்றங்கரையில் அவன் கேட்டான்.

எங்கள் ஜில்லாவில் அந்தக் கேள்வி வெறும் கதைக்கேள்வி இல்லை. முதல் மாயாவி புத்தகம் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் புகுந்துகொண்டபோது அதற்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டு நிலச்சுவான்தார்களுக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரும் சொத்தும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஹிண்டு பேப்பரை வரிவிடாமல் படிப்பார்கள். வெண்மணி பற்றிக் குழந்தைகள் காதில் விழும்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பேசியிருப்பார்கள்.

இனி, இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லாத விஷயம்.

1973-ல், அறுப்பு முடிந்த சமயம். அப்பாவின் சட்டை கூடத்து ஆணியில் தொங்கும். அதிலிருந்து ஒரு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தேன். மறுநாள் மாமாவோடு தஞ்சாவூர் போனபோது பஸ் ஸ்டாண்டு கடையில் மாயாவி புத்தகம் ஒன்று வாங்கி, டவுசருக்குள் செருகிக்கொண்டேன். மாமா கேட்டதற்குச் சிநேகிதன் கொடுத்தது என்றேன்.

அப்பா ரூபாயைத் தேடினார். வீட்டில் ஒரு ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் காணாமல்போனது என்பது பெரிய விஷயம். காரியஸ்தர், "கொல்லைப்பக்கமா வந்துபோறவன் ஒருத்தன்தானே" என்றார். அவனைக் கூப்பிட்டார்கள். அவன் எடுக்கவில்லை என்றான். காரியஸ்தர் கன்னத்தில் இரண்டு அறை வைத்தார். அவன் அப்பா வயலிலிருந்து ஓடிவந்து, மகனைப் பார்க்காமல் என் அப்பாவைப் பார்த்து, "மன்னிச்சிருங்கய்யா" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். நாளை முதல் கொட்டகைக்கு வரவேண்டாம் என்று முடிந்தது. நான் ரேழித் தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அவன் ஒரு தடவை என் பக்கம் திரும்பினான். நான் உள்ளே போய்விட்டேன்.

நாலு நாளில் அம்மா என் பெட்டியில் புத்தகத்தைக் கண்டுபிடித்தாள். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். அப்பா காதைத் திருகினார். அப்புறம், "இந்தப் பயலுக்குக் காமிக்ஸ் பைத்தியம் புடிச்சிடுத்து, புஸ்தகம் படிக்கிற பைத்தியம்னா நல்லதுதான்" என்று மாமாவிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு மாதாமாதம் அவரே காசு கொடுத்தார். வாய்க்காலைத் தாண்டிப்போய் அந்தப் பையனைத் திரும்ப அழைத்துவர யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் என் அப்பாவை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் கொடுமைக்காரர் இல்லை. தன் பிள்ளையின் திருட்டில் அவருக்கு அறிவுப்பசி தெரிந்தது. அடுத்தவன் பிள்ளை விஷயத்தில் விசாரிக்கும் முன்பே முடிவு தெரிந்தது. மாயாவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்களே, அந்த மாதிரி எனக்கும் கண்டுபிடித்துக் கொடுத்தார். நான் நிழற்படையில் சேர்ந்தேன். எடுக்காதவன் கழுவேறினான்.

1984-ல் ராணி காமிக்ஸ் வந்தபோது நான் ஆசிரியர் வேலையில் சேரும் வயதுக்கு வந்துவிட்டேன். வகுப்பில் பாடப்புத்தகத்துக்குள் வைத்து ஜேம்ஸ் பாண்டைப் படிக்கும் பையன்களிடமிருந்து பிடுங்கி என் மேஜை டிராயரில் போடுவேன். சாயங்காலம் அவர்கள் போனபிறகு நான் படிப்பேன். வருஷக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கண் கெட்டுவிடும், படிப்பு கெட்டுவிடும் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தப் பயம் வந்ததேயில்லை. புத்தகம் படித்துக் கெட்டவனை நான் பார்த்ததில்லை. படித்ததைத் தன் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்காதவனைப் பார்த்திருக்கிறேன். அது நான்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் பரீட்சைக் கட்டணப் பணம் காணாமல் போயிற்று. வகுப்பு முழுவதும் ஒரே பையன் பக்கம் திரும்பியது. அவன் சட்டையும் அவன் தெருவும் அவர்களுக்கு ஆதாரமாகப் போதுமாயிருந்தன. லீடர் அவன் பையைச் சோதிக்கலாம் என்றான். சோதிப்பதென்றால் என் பையிலிருந்து தொடங்கி நாற்பத்தெட்டுப் பையையும் சோதிக்கலாம் என்றேன். யாரும் பேசவில்லை. மறுநாள் காலையில் சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் பணம் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. நான் ஆசிரியனாகச் செய்ததில் உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

என் பேரன் மூலமாகத்தான் ஸ்பைடர்மேனின் தொடக்கக் கதை எனக்குத் தெரியவந்தது. 1962-ல் வந்தது, கிட்டத்தட்ட என் வயது. பலம் கிடைத்த புதிதில் ஒரு திருடன் அவன் கண்ணெதிரே ஓடுகிறான். பிடிப்பது என் வேலையில்லை என்று வழிவிட்டு நிற்கிறான். அதே திருடன் பிறகு அவனை வளர்த்த சித்தப்பாவைக் கொன்றுவிடுகிறான். வாழ்நாள் முழுக்க அவன் செய்யும் நல்லதெல்லாம் அன்றைக்குச் சும்மா நின்றதற்கான வட்டி. பேரன் இதை இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். எனக்குத் தொண்டையில் இட்லி இறங்கவில்லை.

சில வருஷம் முன்பு சென்னைப் புத்தகக் காட்சியில் இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பு கிடைத்தது. என்னைப்போல் நரைத்த தலைகள்தான் அந்தக் கடையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒன்று வாங்கினேன். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப்போனேன். இப்போது அங்கே காங்கிரீட் வீடுகள், வாசலில் மோட்டார் சைக்கிள். அவர் மகன் ஐ.டி.ஐ. படித்து வெளியூரில் வேலையில் இருக்கிறார். "வாங்க சார்" என்று நாற்காலி எடுத்துப்போட்டார். நானும் இப்போது 'வாங்க, போங்க' என்றுதான் பேசுகிறேன்.

புத்தகத்தைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் புரட்டினார். எழுத்தைவிட்டுவிட்டுப் படத்தைத்தான் பார்த்தார், அன்றைக்கு மாதிரியே. "இவனுக்குத்தான பின்னாடி வேல குடுத்தாங்க" என்றார்.

நான் ஒரு ரூபாய் விஷயத்தைச் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. நான்தான் எடுத்தேன் என்பது மட்டும் வந்தது.

"தெரியும் சார்" என்றார்.

"எப்போ?"

"அப்பவேதான். ஒரு ரூவா காணோம். ரெண்டு நா கழிச்சு உங்க கையில புதுப் புஸ்தகம், கரைமேல ஒக்காந்து படிச்சிட்டிருந்தீங்க. நான் பாலத்துல நின்னு பாத்தேன். எனக்குக் கணக்கு வராதா?"

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருமகள் காப்பி கொண்டுவந்தார். குடித்தேன். அந்த வீட்டில் நான் வாய் நனைத்தது அதுதான் முதல்தடவை என்பது டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் உறைத்தது.

கிளம்பும்போது, "இத நான் வச்சுக்கவா சார்? பேத்திக்குப் படிக்கக் குடுக்கலாம். நல்லா வாசிப்பா" என்றார். தாராளமாக என்றேன். வாசல்வரை வந்தவர், "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவன ஏன் கழுவுல ஏத்தலன்னு அன்னிக்குக் கேட்டேனே, நெனப்பிருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன். பதிலும் இப்போது எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்பதால்தான் இவ்வளவையும் எழுதினேன்.